புதிய விண்டோஸும் பழைய விரல்களும்



"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா" என்று நம் பேரவைச் செயலாளர் கேட்டபோது, "எனக்குக் கவிதை வராது" என்று நழுவப் பார்த்தேன். "கவிதை ஏற்கெனவே முப்பது வந்து கிடக்கு. நீ லேப்ல ஹெட்போனை மாட்டிக்கிட்டு என்னதான் பண்றேன்னு எழுது. பாதிப் பேருக்கு அந்தச் சந்தேகம் இருக்கு" என்றான். நியாயமான சந்தேகம்தான். அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

கணினிப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் எனக்குப் பார்வை இல்லை. 'ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா' என்ற விழித்திரை நோயால் சிறு வயதிலிருந்தே பார்வை சுருங்கிக்கொண்டே வந்து, பத்தாம் வகுப்போடு புத்தகம் படிப்பது நின்றுபோனது. இன்று ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லும் அளவுக்கு வெளிச்சம் மட்டும் தெரியும். ஆனால் சி, ஜாவா, பைத்தான், ரெக்கார்டு வேலை எல்லாவற்றையும் நானேதான் டைப் செய்கிறேன். பக்கத்தில் யாரும் உட்கார்ந்து செய்து கொடுப்பதில்லை. எனக்காகத் திரையைப் படித்துச் சொல்வது ஒரு மென்பொருள். அதன் பெயர் ஸ்கிரீன் ரீடர். தமிழில் திரைவாசிப்பான் என்கிறார்கள்.

விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதையொட்டி எங்கள் லேபிலும் விண்டோஸ் 11 வந்தது. உங்களுக்கு அது ஒரு நாள் பேச்சு. "ஸ்டார்ட் பட்டன் நடுவுக்கு வந்துடுச்சு மச்சான்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டீர்கள். எனக்கோ அது மூன்று வாரப் போராட்டம். ஏன் அப்படி, அதிலிருந்து எப்படி மீண்டேன், அதில் உங்களுக்கு என்ன பங்கு என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

ஸ்கிரீன் ரீடர் எப்படி வேலை செய்கிறது?

பலர் நினைப்பதுபோல அது திரையைக் கேமரா வைத்துப் பார்ப்பதில்லை. திரையிலுள்ள ஒவ்வொரு பட்டனும், மெனுவும், கட்டமும் தன்னைப் பற்றிய மூன்று செய்திகளைக் கேட்டால் சொல்லத் தயாராக வைத்திருக்க வேண்டும். ஒன்று, பெயர். இரண்டு, வகை. மூன்று, நிலை. நான் டேப் கீயையோ அம்புக்குறிக் கீயையோ தட்டும்போது எந்த இடத்தில் போய் நிற்கிறேனோ, அந்த இடத்திடம் ஸ்கிரீன் ரீடர் இந்த மூன்றையும் கேட்டு வாங்கி, குரலாக மாற்றி என் காதில் சொல்லும். "சேவ், பட்டன்" என்றால் பெயரும் வகையும் வந்துவிட்டன. "ரிமெம்பர் மீ, செக் பாக்ஸ், நாட் செக்ட்" என்றால் நிலையும் சேர்ந்துவிட்டது. மவுசுக்கு இதில் வேலையே இல்லை.

இதில் ஒரு முக்கியமான வித்தியாசத்தைக் கவனியுங்கள். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் இலை முழுவதையும் நீங்கள் ஒரே பார்வையில் பார்த்துவிடுவீர்கள். எனக்கு இலையில் ஒவ்வொரு பதார்த்தமாகத்தான் வந்து விழும். எது எதற்கு அப்புறம் வரும் என்பதை மனப்பாடம் செய்து வைத்திருப்பதால்தான் வேகமாக வேலை செய்ய முடிகிறது. 'மூன்று டேப், இரண்டு கீழ் அம்பு, ஒரு என்டர்' என்று என் விரல்களுக்கே வழி தெரியும். புதிய சிஸ்டம் வந்தால் முதலில் அடிபடுவது இந்த மனப்பாடம்தான். கம்ப்யூட்டர் அப்படியே இருக்கிறது, நானும் அப்படியே இருக்கிறேன். ஆனால் விரலுக்குத் தெரிந்த வழி மட்டும் இல்லாமல் போய்விடுகிறது.

டாஸ் காலத்திலிருந்து ஒரு சின்ன வரலாறு

இந்தச் சங்கடம் எனக்கு மட்டும் வந்ததல்ல. எங்களைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று 1990களில் வந்தது. டாஸிலிருந்து விண்டோஸுக்கு மாறிய கதை அது.

டாஸ் திரை என்பது 80 பத்தி, 25 வரி. ஆக 2000 எழுத்துகள். ஒரு எழுத்துக்கு ஒரு பைட், அதன் நிறத்துக்கு ஒரு பைட் என்று மொத்தம் 4000 பைட் வீடியோ மெமரியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஸ்கிரீன் ரீடர் அந்த மெமரியைப் படித்தாலே போதும், திரையில் இருப்பது தெரிந்துவிடும். நம் பாடத்தில் வரும் 'அர்ரே' மாதிரிதான். அதனால் டாஸ் காலத்தில் பார்வையற்றவர்கள் கம்ப்யூட்டர் வேலையில் நன்றாகவே இருந்தார்கள்.

அமெரிக்காவில் டெட் ஹென்டர் என்றொருவர். மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். 1978இல் ஒரு கார் விபத்தில் பார்வையை இழந்தார். அப்புறம் ப்ரோக்ராமிங் கற்றுக்கொண்டு, பில் ஜாய்ஸ் என்பவருடன் சேர்ந்து 1987இல் ஹென்டர்-ஜாய்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்கள் 1989இல் டாஸுக்காக வெளியிட்டதுதான் 'ஜாஸ்' என்ற ஸ்கிரீன் ரீடர். 'ஜாப் ஆக்சஸ் வித் ஸ்பீச்' என்பதன் சுருக்கம் அது. பேச்சின் துணையோடு வேலைக்கு வழி என்று பொருள். பெயரிலேயே வேலை இருக்கிறது பாருங்கள்.

அப்புறம் விண்டோஸ் வந்தது. திரையில் எழுத்து போய்ப் புள்ளிகள் வந்தன. டாஸில் 'ஏ' என்ற எழுத்து மெமரியில் 65 என்ற எண்ணாக இருக்கும். விண்டோஸில் அதே 'ஏ' வெறும் புள்ளிக் கோலம். புள்ளியைப் படித்து எழுத்தைச் சொல்வது எப்படி? அலுவலகங்கள் ஒவ்வொன்றாக விண்டோஸுக்கு மாறத் தொடங்கியபோது, டாஸில் கெட்டிக்காரர்களாக இருந்த பார்வையற்ற ஊழியர்களுக்கு வேலை நிலைக்குமா என்ற பயமே வந்துவிட்டது.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு ப்ரோக்ராம் திரையில் எழுத்தை வரையச் சொல்லி விண்டோஸுக்குக் கட்டளை கொடுக்கும் அல்லவா? அந்தக் கட்டளையை நடுவழியிலேயே ஒட்டுக் கேட்டு, 'இந்த இடத்தில் இந்த எழுத்து' என்று தனியாக ஒரு கணக்கு எழுதி வைப்பது. 'ஆஃப் ஸ்கிரீன் மாடல்' என்று இதற்குப் பெயர். 1995 ஜனவரியில் விண்டோஸுக்கான ஜாஸ் வெளிவந்தது. ஆனால் ஒட்டுக் கேட்பது எப்போதும் சரியாக வராது. படமாக வரைந்த பட்டனுக்குப் பெயர் கிடைக்காது. எனவே ஒவ்வொரு ப்ரோக்ராமும் தானே முன்வந்து பெயர், வகை, நிலை சொல்வதற்கான முறையாக 1997இல் 'ஆக்டிவ் ஆக்சசிபிலிட்டி' என்பதை மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. பின்னர் விண்டோஸ் விஸ்டாவோடு 'யுஐ ஆட்டோமேஷன்' வந்தது. இன்று என் காதில் விழும் பெரும்பாலான செய்திகள் இந்த இரண்டு வழிகளில் வருபவைதான்.

ஜாஸ் நல்ல சாதனம். ஆனால் விலை கொடுத்து வாங்க வேண்டியது. நம் போன்ற மாணவர்களுக்குக் கைகொடுத்தது 'என்.வி.டி.ஏ.' 2006இல் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் இதை எழுதத் தொடங்கினார். பார்வையற்றவரான நண்பர் ஜேம்ஸ் டே அவருடன் சேர்ந்துகொண்டார். சின்ன வயதில் ஒரு இசை முகாமில் அறிமுகமான நண்பர்கள் இவர்கள். 2007இல் 'என்.வி. ஆக்சஸ்' என்ற அமைப்பை நிறுவினார்கள். என்.வி.டி.ஏ. முற்றிலும் இலவசம், சோர்ஸ் கோடும் திறந்தே இருக்கிறது. அதன் பெரும்பகுதி எழுதப்பட்டிருப்பது நாம் லேபில் படிக்கும் அதே பைத்தானில்!

மாறியது என்ன, மாறாதது என்ன?

2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டு, தென் மாவட்டப் பஸ்கள் கோயம்பேட்டிலிருந்து அங்கே போனது உங்களுக்கு நினைவிருக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் பட்ட பாட்டைக் கேட்டிருப்பீர்கள். பஸ் அதேதான், போகும் ஊரும் அதேதான். ஏறும் இடம் மட்டும்தான் வேறு. 'ஏழாவது தூணுக்குப் பக்கத்தில் நம்ம பஸ் நிற்கும்' என்று இடத்தை மட்டும் மனதில் வைத்திருந்தவர் தவித்துப்போனார். பஸ்ஸின் பெயரைக் கேட்டுப் போனவர் விசாரித்து ஏறிவிட்டார்.

விண்டோஸ் 11க்கு வந்தபோது என் அனுபவமும் இதுவேதான். இடத்தை மனப்பாடம் செய்திருந்த வேலையெல்லாம் கெட்டது. பெயரையும் கீயையும் தெரிந்து வைத்திருந்த வேலையெல்லாம் பிழைத்தது.

மாறியவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன். விண்டோஸ் 10இல் 'விண்டோஸ் + ஏ' அழுத்தினால் அறிவிப்புகளும், வைஃபை போன்ற பட்டன்களும் ஒரே இடத்தில் வரும். 11இல் அந்த ஒரு வீடு இரண்டு வீடாகப் பிரிந்துவிட்டது. 'விண்டோஸ் + ஏ' வைஃபை, ஒலி போன்றவற்றுக்கு. 'விண்டோஸ் + என்' அறிவிப்புகளுக்கு. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் மேலே இருந்த ரிப்பன் போய்விட்டது. அதற்காக ஆல்ட் கீயோடு மனப்பாடம் செய்த வழிகளும் அதோடு போயின. ரைட் கிளிக் மெனு சுருங்கி, பழைய வரிகள் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் ஒளிந்துகொண்டன. 24ஹெச்2 பதிப்பில் வேர்ட்பேட் என்ற ப்ரோக்ராமே இல்லை.

மாறாதவையும் உண்டு. கண்ட்ரோல் + சி, கண்ட்ரோல் + வி, கண்ட்ரோல் + எஸ், பெயர் மாற்ற எஃப்2, புதிய ஃபோல்டருக்குக் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + என், அடுத்த விண்டோவுக்கு ஆல்ட் + டேப், செட்டிங்ஸுக்கு விண்டோஸ் + ஐ. இவையெல்லாம் அப்படியே இருக்கின்றன.

ஒரு வேடிக்கை கேளுங்கள். 11 வந்த புதிதில் அந்த ரைட் கிளிக் மெனுவில் காப்பி, பேஸ்ட், ரீநேம், டெலிட் எல்லாம் எழுத்தில்லாத சின்னச் சின்னப் படங்களாக இருந்தன. "இதுல எதுடா ரீநேம்?" என்று கண்ணுள்ளவர்கள் குழம்பினார்கள். படத்துக்குப் பின்னால் பெயர் இருந்ததால் எங்கள் காதில் அது ஒழுங்காக 'ரீநேம்' என்றே விழுந்தது! பின்னால் வந்த பதிப்பில் படத்தோடு எழுத்தையும் சேர்த்துவிட்டார்கள்.

நான் பட்ட அடி

மாற்றம் வந்த இரண்டாம் வாரம். மாடல் ப்ராக்டிகல். சி ப்ரோக்ராமை நான் நோட்பேடில்தான் எழுதுவேன். ஒரு பிழையைத் திருத்திவிட்டு, வழக்கம்போல ஆல்ட் + எஃப்4 அழுத்தி மூடினேன். பழைய நோட்பேடாக இருந்தால் "சேவ் பண்ணட்டுமா?" என்று கேட்கும். பல வருடங்களாக அந்தக் கேள்விதான் எனக்குக் காவல்காரன். கேட்காவிட்டால் ஏற்கெனவே சேவ் ஆகிவிட்டது என்று பொருள். அன்றைக்குக் கேட்கவில்லை. சேவ் ஆகிவிட்டது என்று நம்பி கம்பைல் செய்தேன். பழைய பிழை அப்படியே வந்தது. மறுபடி திறந்து பார்த்தால் திருத்தம் இருக்கிறது! கம்பைல் செய்தால் பிழையும் இருக்கிறது! பேய் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. முக்கால் மணி நேரம் போச்சு.

விஷயம் இதுதான். புதிய நோட்பேட் மூடும்போது கேள்வி கேட்காமல், சேவ் ஆகாத எழுத்தையும் தன்னிடமே பத்திரமாக வைத்திருந்து, அடுத்த முறை திறக்கும்போது எடுத்துக் கொடுக்கும். டிஸ்க்கில் உள்ள ஃபைல் மட்டும் பழையபடியே இருக்கும். சேவ் ஆகவில்லை என்பதற்கு அடையாளமாக டேபில் ஒரு புள்ளி தெரியுமாம். நீங்கள் அதைப் பார்த்துவிடுவீர்கள். இது நோட்பேடின் குற்றமில்லை. அது ஒரு வசதிதான். புதிய வீட்டில் பழைய காவல்காரனை நம்பியது என் குற்றம்.

அன்று இரவு ஹாஸ்டலில் படுத்தபடியே யோசித்தேன். இது மாடல் எக்ஸாம், பரவாயில்லை. எக்ஸ்டர்னல் வரும் நாளில் இப்படி ஆனால்? கூடுதல் நேரம் கொடுப்பார்கள். ஆனால் அந்த நேரம் ப்ரோக்ராம் யோசிக்கத்தானே, பட்டன் தேடவா? ப்ரோக்ராம் தெரிந்தும் அரியர் வைப்பதைவிட வேறு அவமானம் உண்டா? மறுநாளிலிருந்து ஒரு முறை வைத்துக்கொண்டு பழகினேன்.

பழகிய முறை

முதலாவது, தப்பிக்கும் வழியைத் தயார் செய்வது. என்.வி.டி.ஏ.வின் 'போர்ட்டபிள் காப்பி' ஒன்றை பென் டிரைவில் போட்டு வைத்தேன். எந்தக் கம்ப்யூட்டரிலும் இன்ஸ்டால் செய்யாமலே ஓடும். அதுவும் கைவிட்டால் 'விண்டோஸ் + கண்ட்ரோல் + என்டர்' அழுத்தினால் விண்டோஸோடு கூடவே வரும் 'நரேட்டர்' பேச ஆரம்பிக்கும்.

இரண்டாவது, இரண்டு மாற்றங்களை ஒரே நாளில் செய்யாமலிருப்பது. முடிந்தால் முதலில் பழைய சிஸ்டத்திலேயே ஸ்கிரீன் ரீடரைப் புதிய பதிப்புக்கு மாற்றிப் பழகிவிட வேண்டும். அப்புறம் சிஸ்டத்தை மாற்ற வேண்டும். இரண்டும் சேர்ந்து மாறினால் கோளாறு எதில் என்றே தெரியாது.

மூன்றாவது, வழி தவறினால் கண்டபடி கீயைத் தட்டாமல் 'நான் எங்கே இருக்கிறேன்?' என்று கேட்பது. என்.வி.டி.ஏ.வில் 'இன்செர்ட் + டி' விண்டோவின் தலைப்பைச் சொல்லும். 'இன்செர்ட் + டேப்' நான் நிற்கும் இடத்தைச் சொல்லும். 'இன்செர்ட் + பி' அந்த விண்டோ முழுவதையும் வாசிக்கும். தெரியாத ஊரில் இறங்கியதும் டீக்கடையில் விசாரிப்பது போல இந்த மூன்றும்.

நான்காவது, இடத்தை விட்டுப் பெயரைப் பிடிப்பது. ஸ்டார்ட் மெனுவில் எது எங்கே என்று தேடவே இல்லை. விண்டோஸ் கீயை அழுத்தி, ப்ரோக்ராமின் பெயரில் நாலு எழுத்தை டைப் செய்து என்டர் தட்டினால் திறந்துவிடும். அது நடுவில் இருந்தால் என்ன, ஓரத்தில் இருந்தால் என்ன?

ஐந்தாவது, பழைய கீ ஒவ்வொன்றையும் சோதித்து மூன்று பட்டியல் போடுவது. வேலை செய்பவை, மாறியவை, செத்துப்போனவை. முதல் பட்டியல்தான் நீளமாக வந்தது என்பதைக் கண்டதும் பாதிப் பயம் போய்விட்டது.

ஆறாவது, ஒரு நாளைக்கு ஒரு வேலை. திங்கள்கிழமை ஃபைல் சேவ் செய்வது மட்டும். செவ்வாய் பென் டிரைவுக்குக் காப்பி செய்வது மட்டும். புதன் பிரின்ட். யோசிக்காமல் கை தானாகப் போகும்வரை அதையே திரும்பச் செய்ய வேண்டும்.

ஏழாவது, மாற்றக்கூடியதை நமக்கேற்ப மாற்றிக்கொள்வது. நோட்பேடின் செட்டிங்ஸில் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கும்படி வைத்துக்கொள்ளலாம். அப்போது பழைய காவல்காரனும் திரும்பி வந்துவிடுவான். ப்ரோக்ராம் எழுதும்போது 'இன்செர்ட் + பி' அல்ல, 'இன்செர்ட் + பி' போலவே காதில் விழும் ஆங்கில 'பஞ்சுவேஷன்' சொல்லின் முதல் எழுத்தை இன்செர்ட்டோடு அழுத்தி, நிறுத்தக்குறிகள் எல்லாவற்றையும் வாசிக்கும்படி செய்வேன். பைத்தானுக்கு, வரி எவ்வளவு உள்ளே தள்ளியிருக்கிறது என்பதை 'டொய்ங்' என்ற ஓசையின் ஏற்ற இறக்கத்தாலேயே சொல்லும் வசதி என்.வி.டி.ஏ.வில் உண்டு.

உதவ நினைக்கும் நண்பர்களுக்கு

எனக்கு உதவ வந்த நண்பர்கள் அனைவருக்கும் நன்றி. ஆனால் உதவுவதிலும் ஒரு முறை இருக்கிறது. முதல் வாரத்தில் என் பக்கத்து சீட் நண்பன், "டேய், அதோ மேல வலது பக்கம் நீலமா இருக்கு பாரு, அதைக் கிளிக் பண்ணு" என்றான். நீலமும் வலதும் எனக்கு எதற்கு ஆகும்? அப்புறம் அவனே மவுசைப் பிடித்துச் செய்து கொடுத்தான். வேலை முடிந்தது, ஆனால் நான் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. மறுநாளும் அவனைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

ஒரு நாள் மானிட்டரை அணைத்துவிட்டு என் ஹெட்போனை அவனுக்கு மாட்டிவிட்டேன். "இப்ப ஒரு ஃபோல்டர் உண்டாக்கு பார்ப்போம்." பத்து நிமிடம் திண்டாடினான். அன்றிலிருந்து அவன் பேச்சே மாறிவிட்டது. "அதோட பேர் மோர் ஆப்ஷன்ஸ். நீ நிக்கிற இடத்திலிருந்து நாலு டேப்" என்று சொல்ல ஆரம்பித்தான். பெயர், எத்தனையாவது, எந்தக் கீ. இந்த மூன்றைச் சொன்னால் அதுதான் உதவி.

இன்னொரு வேண்டுகோள். முக்கியமான கேள்விகளைக் குரூப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள். டைப் செய்து அனுப்புங்கள். தமிழில் டைப் செய்தால் யூனிகோடில் செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் 'அம்மா' என்பது திரையில் அழகாக 'அம்மா' என்று தெரியும். ஆனால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். என் காதில் அது 'எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச்' என்று விழும். அம்மாவைக்கூடத் தெரியாமல் போகிறது! தமிழக அரசே 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. யூனிகோடாக இருந்தால் விண்டோஸின் தமிழ்க் குரலே படித்துவிடும். அந்தக் குரலுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? 'வள்ளுவர்'!

நாளைய ப்ரோக்ராமர்களுக்கு

நண்பர்களே, இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். புதிய சிஸ்டத்துக்குப் பழகுவது என் பொறுப்பு. அதை நான் செய்துவிடுவேன். ஆனால் பட்டனுக்குப் பெயரே இல்லையென்றால் எத்தனை வாரம் பழகினாலும் பயனில்லை. "பட்டன்... பட்டன்... பட்டன்..." என்று மட்டும் காதில் விழும். பெயர் வைப்பது ப்ரோக்ராம் எழுதுபவரின் கையில் இருக்கிறது. அதாவது, நாளைக்கு உங்கள் கையில்.

அது பெரிய வித்தையுமில்லை. வெப் பக்கத்தில் படம் வைத்தால் 'ஆல்ட்' என்ற இடத்தில் அது என்ன படம் என்று ஒரு வரி எழுதுங்கள். படிவத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் 'லேபில்' கொடுங்கள். விண்டோஸ் ஃபார்ம்ஸில் 'ஆக்சசிபிள்நேம்' என்று ஒரு ப்ராப்பர்ட்டி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் 'கன்டென்ட் டிஸ்க்ரிப்ஷன்' இருக்கிறது. ஒரு வரிதான். எழுதி முடித்ததும் மவுசை எடுத்து வைத்துவிட்டு, கீபோர்டு மட்டும் கொண்டு உங்கள் ப்ராஜெக்டை ஓட்டிப் பாருங்கள். எங்கே மாட்டிக்கொள்கிறீர்களோ அங்கேதான் நானும் மாட்டிக்கொள்வேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் மின்னணுத் தகவல்கள் எல்லோருக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் சட்டத்துக்காகச் செய்வதைவிட, மூன்று வருடம் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்த ஒருவனை நினைத்துக்கொண்டு செய்தால் மறக்காது.

முடிவாக

ப்ராக்டிகல் தேர்வு நாள். ஹெட்செட்டை மாட்டினேன். ஒரு சத்தமும் இல்லை. உங்களுக்குத் திரை இருண்டு போனால் எப்படியோ, எனக்குக் காது அடங்கிப்போனால் அப்படி. உள்ளங்கை வியர்த்துவிட்டது. லேப் அசிஸ்டென்ட் அண்ணன் ஓடி வந்து, பழைய இடத்திலேயே மவுசை வைத்துத் தேடிக்கொண்டிருந்தார். எனக்குப் பட்டியல் நினைவுக்கு வந்தது. "அண்ணே, விண்டோஸ், கண்ட்ரோல், வி மூணையும் சேர்த்து அமுக்குங்க. சத்தம் எதுல போகணும்னு கேட்கும். அதுல ஹெட்செட்டைத் தேர்ந்தெடுங்க" என்றேன். அமுக்கினார். சத்தம் மானிட்டருக்குப் போய்க்கொண்டிருந்ததாம். அடுத்த நொடி காதில் குரல் வந்தது. "அட, இது எனக்கே தெரியாதேப்பா" என்றார் அண்ணன்.

வைவாவில் எக்ஸ்டர்னல் சார் கேட்டார்: "செமிகோலன் விட்டுப்போச்சுன்னா எப்படிப்பா கண்டுபிடிப்பே?" "கம்பைலர் வரி எண் சொல்லும் சார். கண்ட்ரோல் + ஜி போட்டு அந்த வரிக்குப் போவேன். கடைசியில 'செமி'ன்னு காதுல விழலைன்னா அதுதான் பிழை." சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். நோட்பேடை மூடுவதற்கு முன் கண்ட்ரோல் + எஸ் அழுத்தினேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை!

விண்டோஸ் 12 என்று ஒன்று வந்தாலும் வரட்டும். பட்டனுக்குப் பெயர் இருந்தால் போதும், விரல்கள் வழி கற்றுக்கொள்ளும். அந்தப் பெயரை வைக்கப்போகிறவர் நீங்களாக இருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

வாழ்த்துகளுடன்,
மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் துறை